நான்கில் ஒரு பங்கு நேரம்: இங்கிலாந்தின் சிறைகளிலும் நன்னடத்தை அலுவலகங்களிலும் காகிதம் குவிந்த கதை

2011 ஜூலையில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் நீதிக் குழு, குற்றவாளிகளைச் சிறைக்கு வெளியே கண்காணித்துத் திருத்தும் நன்னடத்தைச் சேவை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் இருந்த மூன்று எண்களை இந்தத் துறையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் எடுத்துச் சொல்கிறார்கள். அலுவலர்களின் வேலை நேரத்தில் 24 சதவீதம்தான் குற்றவாளிகளோடு நேரில் கழிகிறது. 41 சதவீதம் கணினிக்கு முன்னால் போகிறது. மீதி 35 சதவீதம் கணினியையும் தொடாமல், ஆளையும் பார்க்காமல் செய்யும் மற்ற வேலைகளில் கரைகிறது. எதிரிகள் யாரும் சொன்ன கணக்கல்ல இது. துறையே 2008ல் தன் ஊழியர்களிடம் எடுத்த கணக்கு.

வார நாள்களாக மாற்றிப் பார்த்தால் இன்னும் உறைக்கும். குற்றம் செய்தவரைச் சந்தித்து, பேசி, மீண்டும் குற்றத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளத்தான் அலுவலருக்குச் சம்பளம். ஐந்து நாளில் அந்த வேலைக்குக் கிடைப்பது ஒன்றேகால் நாளுக்கும் குறைவு. இரண்டு நாளுக்கு மேல் தட்டச்சு. இது அதிர்ச்சி தருவதாக நீதிக் குழு எழுதியது. ஆனால் அந்த அலுவலகங்களில் உட்கார்ந்திருந்த யாருக்கும் இதில் புதுச் செய்தி இருந்திருக்காது.

உடனே "மீதி 76 சதவீதமும் வீண்" என்று தாவிவிடக் கூடாது. நீதிமன்றத்துக்கு எழுதும் அறிக்கை வீண் வேலையல்ல. ஒருவரைச் சிறைக்கு அனுப்புவதா, வெளியிலேயே வைத்துத் திருத்துவதா என்று நீதிபதி முடிவு செய்வது பெரும்பாலும் அதைப் படித்துத்தான். காகிதம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்பதில் பயனில்லை. ஒவ்வொரு காகிதத்தையும் கையில் எடுத்து, "இதை யார் படிக்கப் போகிறார்கள்?" என்று கேட்க வேண்டும். முப்பது ஆண்டுகளாக இங்கிலாந்து–வேல்ஸ் நிர்வாகம் படிவங்களைக் குறைக்கப் பலமுறை முயன்றிருக்கிறது. அநேகமாக ஒவ்வொரு முறையும் தவறவிட்டது இந்தக் கேள்வியைத்தான் என்பது என் கணிப்பு.

அறிவுரை, உதவி, நட்பு

நம் ஊரில் 'நன்னடத்தை அலுவலர்' என்கிறோமே, அந்தப் பதவியின் வேர் 1907ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டத்தில் இருக்கிறது. (சென்னை மாகாணம் 1936லேயே தனக்கென ஒரு நன்னடத்தைச் சட்டம் செய்துகொண்டது. இந்தியா முழுமைக்குமான சட்டம் 1958ல்தான் வந்தது.) அந்த 1907 சட்டம் அலுவலருக்கு இட்ட வேலையைச் சுருக்கமாகச் சொல்லலாம்: குற்றம் செய்தவருக்கு அறிவுரை சொல், உதவி செய், நண்பனாக இரு, முடிந்தால் வேலை தேடிக் கொடு. கூடவே, அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று நீதிமன்றத்துக்குத் தெரிவி. அன்றைய காகிதம் அந்தக் கடைசி வரியோடு சரி.

ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் இந்த வேலை அலுவலரின் மனப்போக்குப்படி நடந்தது. அதை ஒரு பொற்காலமாக நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு ஊரில் வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள், இன்னொரு ஊரில் மாதத்துக்கு ஒருமுறை. ஒருவர் நான்கு சந்திப்புகளைத் தவறவிட்டாலும் கண்டுகொள்ளாத அலுவலர் இருந்தார், ஒன்றைத் தவறவிட்டாலே கோர்ட்டுக்கு இழுத்தவரும் இருந்தார். இதை ஒழுங்குபடுத்தத்தான் 1992ல் தேசிய விதிமுறைகள் வந்தன. அதன் பிறகு ஒவ்வொரு பதிப்பிலும் அவை இறுகிக்கொண்டே போயின. 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் கெடுபிடி உச்சத்துக்குப் போனது. தகுந்த காரணமில்லாமல் இரண்டாவது சந்திப்பைத் தவறவிட்டால், பத்து வேலை நாளுக்குள் நீதிமன்ற நடவடிக்கையைத் தொடங்கியே ஆக வேண்டும்.

பஸ்ஸைத் தவறவிட்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். வராதது ஏற்கத்தக்கதா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும், அந்த முடிவைப் பதிய வேண்டும், எச்சரிக்கைக் கடிதம் போட வேண்டும், கடிதம் போட்டதையும் பதிய வேண்டும். மறுபடி வராவிட்டால் இவ்வளவையும் சேர்த்து நீதிமன்றத்துக்கான கட்டாகத் தயாரிக்க வேண்டும். பத்து நாளில் கட்டு போனதா என்று மேலிடம் எண்ணும். அந்த எண்ணுக்கு ஏற்றபடி வட்டாரத்துக்கு நிதி வரும். அவர் ஏன் வரவில்லை என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு மணி நேரம் செலவிட்டதற்கு எந்தக் கட்டமும் கிடையாது.

பெயரில் மட்டும் சோலை

2001 வாக்கில் புழக்கத்துக்கு வந்த 'ஓயாசிஸ்', குற்றவாளி மதிப்பீட்டு முறையின் சுருக்கப் பெயர். காதுக்குப் பாலைவனச் சோலை போலக் கேட்கும். அதில் இளைப்பாறியவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

அடிப்படை யோசனையில் குறை சொல்ல முடியாது. ஒருவர் மீண்டும் குற்றம் செய்வாரா என்பதை அலுவலரின் உள்ளுணர்வுக்கு விட்டுவிடாமல், ஆய்வுகளில் தொடர்புள்ளவை என்று தெரியவந்த காரணிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து மதிப்பெண் போடுவது: வீடு, படிப்பும் வேலையும், பண நிர்வாகம், உறவுகள், சேர்க்கை, போதைப்பொருள், குடி, மனநிலை, சிந்திக்கும் விதம், மனப்பான்மை. அதன் மேல் ஆபத்து மதிப்பீடு. அதற்கும் மேல் தண்டனைக் காலத்துக்கான திட்டம். சிறைக்கும் நன்னடத்தைத் துறைக்கும் பொதுவான ஒரே கருவி என்பது பெரிய முன்னேற்றம்தான்.

நடைமுறையில் ஒரு முழு மதிப்பீட்டைச் செய்து முடிக்க மணிக்கணக்கில் ஆனது. அதற்கும் ஒரு கெடு, அந்தக் கெடுவுக்கும் ஓர் இலக்கு. மறுமதிப்பீட்டுக்குத் திறந்தால் பழைய பதில்கள் அப்படியே நிரம்பி நிற்கும். கெடு கழுத்தை நெரிக்கும்போது அதில் இரண்டு வரி மாற்றிவிட்டுப் பூட்டுவதுதான் மனித இயல்பு. இப்படி ஒருவருடைய 2005ஆம் ஆண்டு வாழ்க்கை 2009 வரை கோப்பில் மாறாமல் இருந்துவிடும். அதற்குள் மனைவி பிரிந்திருப்பார், வீடு போயிருக்கும். கோப்பின் கணக்கில் இரண்டும் நிலையாகவே இருக்கும்.

இங்கே ஒரு பழைய ஆய்வைச் சொல்ல வேண்டும். கனடாவின் மனிடோபா மாகாணத்தில் நன்னடத்தைச் சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்த ஜேம்ஸ் போன்டாவின் குழு, 2008ல் தன் முடிவுகளை வெளியிட்டது. அலுவலர் எந்த அளவுக்கு நிபந்தனைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாரோ, அந்த அளவுக்கு அவரிடம் வந்தவர்கள் மீண்டும் குற்றத்தில் சிக்கியது அதிகமாக இருந்தது. இது ஒரு தொடர்புதான். அதுவே காரணம் என்பதற்கு நிரூபணமல்ல. ஆனாலும் சந்திப்பையே படிவம் நிரப்பும் நேரமாக்கிவிட்ட ஒரு துறை, இதைப் படித்துவிட்டுக் கொஞ்சம் கலங்கியிருக்க வேண்டும்.

சிக்கலைக் கணினியில் ஏற்றியது

காகிதத்துக்கு மருந்து கணினி என்று எல்லா நாட்டு அரசுகளும் ஒரு காலத்தில் நம்பின. இங்கிலாந்து அந்த நம்பிக்கைக்குக் கொடுத்த விலை ஆவணத்திலேயே இருக்கிறது.

சிறையும் நன்னடத்தைத் துறையும் ஒரே ஆளைப் பற்றித் தனித்தனிப் பதிவேடுகள் வைத்திருந்தன. ஒருவர் சிறையிலிருந்து வெளியே வந்தால், உள்ளே கேட்டதையெல்லாம் வெளியே இருப்பவர் திரும்பக் கேட்டு எழுதுவார். அரசுக்காக இரு துறைகளையும் ஆராய்ந்த பேட்ரிக் கார்ட்டரின் 2003 டிசம்பர் அறிக்கைக்குப் பிறகு இரண்டையும் ஒரே குடைக்குள் கொண்டுவர முடிவானது. 2004 ஜூனில் 'சி-நோமிஸ்' திட்டம் தொடங்கியது. நாடு முழுக்க ஒரே தரவுத்தளம், ஒருவருக்கு ஒரே கோப்பு, சிறை வாசலில் அறுபடாத பதிவு. 2020 வரைக்குமான மொத்தச் செலவு 23.4 கோடி பவுண்டு என்று கணக்கிட்டார்கள்.

2007 ஜூலைக்குள் 15.5 கோடி பவுண்டு செலவாகியிருந்தது. திட்டம் இரண்டு ஆண்டு பின்தங்கியிருந்தது. மொத்தச் செலவின் மதிப்பீடு 69 கோடிக்கு ஏறியிருந்தது. ஆகஸ்டில் அமைச்சர் எல்லாவற்றையும் நிறுத்திவைத்தார். 2008 ஜனவரியில் மீண்டும் தொடங்கியபோது திட்டம் சுருங்கிவிட்டது, செலவு 51.3 கோடி. ஒரே கோப்பு என்ற கனவு கைவிடப்பட்டு, புதிய அமைப்பு சிறைகளுக்கு மட்டும் போனது. நன்னடத்தைத் துறை தன் வழியைத் தானே பார்த்துக்கொண்டது.

தேசியத் தணிக்கை அலுவலகம் 2009 மார்ச்சில் இந்தச் சறுக்கலைப் பிரேதப் பரிசோதனை செய்தது. மேற்பார்வை மோசம், தொழில்நுட்பச் சிக்கலைக் குறைத்து மதிப்பிட்டார்கள் என்பது போன்ற வழக்கமான குற்றச்சாட்டுகள் எல்லாம் அதில் உண்டு. என் கண்ணில் பட்டது வேறொன்று. சிறைகளிலும் நன்னடத்தை வட்டாரங்களிலும் நடைமுறைகளை எளிதாக்கி ஒன்றுபோல ஆக்குவதற்குத் தொடர்ச்சியான முயற்சி எதுவும் எடுக்கப்படவில்லை என்று அறிக்கை சொல்கிறது. அன்றைக்கு 42 நன்னடத்தை வட்டாரங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி வழக்கம், தனிப் படிவம், "எங்கள் பக்கம் இப்படித்தான்" என்ற பிடிவாதம். அத்தனைக்கும் பொருந்தும்படி வாங்கிய மென்பொருளை வளைத்துக்கொண்டே போனார்கள். எந்தப் படிவத்தைத் தூக்கி எறியலாம் என்று உட்கார்ந்து பேசும் வேலை செலவில்லாதது. ஆனால் மனக்கசப்பு தரும். அதைத் தள்ளிப்போட்டதற்கான தொகைதான் அந்தக் கோடிகளில் ஒரு நல்ல பங்கு என்று நினைக்கிறேன்.

ஆரஞ்சுக் கோப்பு

சிறைக்குள் காகிதம் எப்படிப் பிறக்கிறது, பிறந்தபின் என்ன ஆகிறது என்று பார்க்க 'ஆக்ட்' என்ற நடைமுறை போதும். தற்கொலை எண்ணமோ தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் போக்கோ தெரியும் கைதிக்காகத் திறக்கப்படும் ஆரஞ்சு நிறக் கோப்பு அது. 2000களின் நடுவில் பழைய படிவம் ஒன்றுக்குப் பதிலாக வந்தது. கைதி எங்கே போனாலும் கோப்பும் கூடவே போக வேண்டும். மணிக்கு எத்தனை முறை பார்க்க வேண்டும், நாளைக்கு எத்தனை முறை உட்கார்ந்து பேச வேண்டும் என்று அதில் குறித்திருக்கும். பார்த்ததையும் பேசியதையும் காவலர் எழுத வேண்டும்.

இதைத் தேவையற்ற காகிதம் என்று எவரும் சொல்ல முடியாது. இரவுப் பணிக்கு வருகிறவருக்கு, பகலில் அந்த ஆள் மகளிடமிருந்து வந்த கடிதத்தைப் படித்துவிட்டுச் சாப்பிடாமல் கிடந்தார் என்று தெரிந்தாக வேண்டும். கோப்பு அதற்காகவே உருவானது. அதன் வாசகர் அடுத்த ஷிஃப்டுக்காரர்.

ஆனால் அதற்கு இன்னொரு வாசகரும் உண்டு. 2004 ஏப்ரலில் இருந்து சிறையில் நடக்கும் ஒவ்வொரு மரணத்தையும் சிறை, நன்னடத்தைக் குறைதீர்ப்பாளர் விசாரிக்கிறார். மரணம் நிகழ்ந்தால் அவர் முதலில் கேட்பது அந்தக் கோப்பைத்தான். விசாரணைக்கு அஞ்சி எழுதும் குறிப்பு எப்படி இருக்கும்? "கட்டிலில் படுத்திருக்கிறார்", "டிவி பார்க்கிறார்", "கவலைப்படும்படி ஒன்றுமில்லை". நேரம் மட்டும் கச்சிதமாக இருக்கும். மணிக்கு ஒருமுறை என்றால் அதே நிமிடத்தில் ஒருமுறை. எந்த நேரத்தில் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்று கைதிக்குத் தெரிந்துவிடும். இப்படி முன்கூட்டியே ஊகிக்கக்கூடிய பார்வையிடலைக் குறைதீர்ப்பாளரின் அறிக்கைகள் திரும்பத் திரும்பக் கண்டித்திருக்கின்றன. பெட்டியெல்லாம் நிரம்பியிருந்தும் ஆள் இறந்துபோன வழக்குகள் உண்டு.

இதைக் காவலரின் சோம்பல் என்று மட்டும் பார்ப்பது நியாயமில்லை. 2010க்குப் பிந்தைய சிக்கனக் காலத்தில் பொதுத்துறைச் சிறைகளில் ஏறக்குறைய 7,000 அலுவலர் பணியிடங்கள் காணாமல் போயின. அனுபவசாலிகள் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். ஒரு தளத்தில் இரண்டு பேர், திறந்திருக்கும் ஆரஞ்சுக் கோப்பு ஐந்தோ ஆறோ என்று ஆகிவிட்டால், பேசுவதற்கும் பேசியதாக எழுதுவதற்கும் சேர்த்து நேரம் இருக்காது. ஒன்றைத்தான் செய்ய முடியும். எதைச் செய்யாவிட்டால் வேலை போகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

படிவம் பிறக்கும் இடம்

2008 ஜூனில் தென்கிழக்கு லண்டனில் இரண்டு பிரெஞ்சு மாணவர்கள் கொடூரமாகக் கொல்லப்பட்டார்கள். கொலையாளிகளில் ஒருவர் நிபந்தனை விடுதலையில் வெளியே வந்து, நன்னடத்தைத் துறையின் கண்காணிப்பில் இருந்தவர். அவரை 'நடுத்தர ஆபத்து' என்று வகைப்படுத்தியிருந்தார்கள். அவரைக் கவனித்த அலுவலர் அனுபவம் குறைந்தவர். அவர் கையில் ஒரு கட்டத்தில் 127 பேர் இருந்தது பிறகு தெரியவந்தது. லண்டன் நன்னடத்தைத் துறையின் தலைவர் பதவி விலகினார்.

127 என்ற எண் ஒன்றே போதுமான விளக்கம். ஆனால் ஆள்களைக் கூட்டுவதற்குப் பணம் வேண்டும். சுற்றறிக்கைக்கு ஒரு மாலைப் பொழுது போதும். ஒவ்வொரு துயரத்துக்குப் பிறகும் ஒரு கூடுதல் சரிபார்ப்பு, ஒரு மேலதிகாரி கையெழுத்து, ஒரு புதுப் பக்கம் சேர்வது இப்படித்தான். அடுத்த முறை கேள்வி வரும்போது காட்டுவதற்கு ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா? இப்படிச் சேர்ந்த பக்கத்தைப் பிறகு எடுக்க முடியாது. எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறவர், அடுத்த கொலைக்குத் தானே பொறுப்பாளி ஆவோமோ என்று அஞ்சுவார். சேர்த்தவருக்கு அந்த அச்சம் கிடையாது.

2010ல் வந்த கூட்டணி அரசு இந்த முடிச்சை அவிழ்க்க உண்மையிலேயே முயன்றது என்று சொல்வேன். நீதி அமைச்சர் கென்னத் கிளார்க் அந்த டிசம்பரில் கலந்தாய்வுக்காக வெளியிட்ட 'பசுமை அறிக்கை', அலுவலர்களின் தொழில்முறை முடிவெடுக்கும் உரிமையைத் திருப்பித் தருவதாகச் சொன்னது. 2011ல் வந்த புதிய தேசிய விதிமுறைகள் மெலிந்திருந்தன. ஒருவரை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பது என்பது பெரும்பாலும் அலுவலரின் கையில் விடப்பட்டது. அதே ஆண்டில் குழந்தைகள் நலப் பணியாளர்களின் காகிதச் சுமையைப் பற்றிப் பேராசிரியர் எய்லீன் மன்ரோ தந்த அறிக்கையும் இதே திசையில் போனது. காற்று ஒரே பக்கமாக வீசிய அபூர்வமான ஆண்டு அது.

அந்தக் காற்று மூன்று ஆண்டு வீசியது.

ஒரு வேலையை இரண்டாக வெட்டினால்

2014 ஜூன் 1 அன்று, அப்போதைய நீதி அமைச்சர் கிறிஸ் கிரேலிங்கின் திட்டப்படி, வட்டாரங்களை நடத்திவந்த 35 நன்னடத்தை அறக்கட்டளைகள் கலைக்கப்பட்டன. ஆபத்து அதிகமானவர்கள் அரசின் தேசிய நன்னடத்தைச் சேவைக்கும், மற்றவர்கள் 21 நிறுவனங்களுக்கும் பிரிக்கப்பட்டார்கள். அந்த நிறுவனங்கள் சில மாதங்களில் தனியார் கைக்குப் போயின. இந்தத் திட்டத்தின் தோல்வியைப் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. காகிதத்தின் பக்கத்திலிருந்து மட்டும் பார்க்கிறேன்.

முன்பு ஒருவரின் ஆபத்து கூடிவிட்டது என்று தோன்றினால், அனுபவசாலியான பக்கத்து மேசைக்காரரிடம் கோப்பை நகர்த்திவிட்டுப் பேசினால் முடிந்தது. இப்போது பக்கத்து மேசை வேறொரு அமைப்பு. யாரை எந்தப் பக்கம் அனுப்புவது என்று முதலிலேயே புதுக் கணிப்புக் கருவி ஒன்று, ஒதுக்கீட்டுப் படிவம் ஒன்று. நிறுவனத்தின் கையில் இருப்பவரின் ஆபத்து கூடினால், அதை விளக்கி அரசுச் சேவைக்கு ஒரு படிவம். அங்கே அது சரியில்லையென்று திருப்பினால் மறுபடி ஒன்று. நிறுவனங்கள் தத்தம் கணினி அமைப்பைக் கட்டிக்கொண்டன. அவற்றை அரசின் அமைப்போடு இணைக்கும் வாசல் தாமதமானதற்காக அமைச்சகம் அந்த நிறுவனங்களுக்குச் சுமார் 2.3 கோடி பவுண்டு கொடுக்க நேர்ந்தது.

ஒப்பந்தம் வந்தால் அளவுகோலும் வந்தாக வேண்டும். திட்டம் குறித்த நாளுக்குள் தயாரானதா என்பதை எண்ணுவது சுலபம். அந்தத் திட்டத்தில் உருப்படியாக ஏதாவது இருந்ததா என்பதை எண்ண முடியாது. ஆகவே முதலாவதற்குத்தான் பணம் நகர்ந்தது. சில இடங்களில் மாதக்கணக்கில் தொலைபேசியிலேயே கண்காணிப்பு நடந்தது. ஆனால் திட்டம் குறித்த நாளில் பதிவாகியிருக்கும். நன்னடத்தைத் துறையைச் சோதிக்கும் தலைமை ஆய்வாளர் கிளெனிஸ் ஸ்டேசி 2019 மார்ச்சில் இந்த மாதிரியைச் சீர்செய்யவே முடியாத கோளாறு உடையது என்றார். 2021 ஜூன் 26 அன்று எல்லாம் மீண்டும் ஒரே பொதுத்துறைச் சேவையாக இணைந்தன. இணைப்புக்கும் படிவங்கள் தேவைப்பட்டன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எதிர்த்தரப்பு வாதம்

காகிதத்தைக் குறைக்கச் சொல்கிறவர்கள் ஒரு வழக்கைக் கண்ணை மூடாமல் பார்க்க வேண்டும். 2022 ஜூன் 26 அன்று கிழக்கு லண்டனின் இல்ஃபர்டில் வீட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்த ஓர் இளம் பெண் கொல்லப்பட்டார். கொலையாளி ஒன்பது நாள் முன்னால்தான் சிறையிலிருந்து வெளியே வந்திருந்தார். நன்னடத்தைச் சந்திப்புகளுக்கு வரவில்லை. அவரை மீண்டும் சிறைக்கு அழைக்கும் நடவடிக்கை தாமதமானது. 2023 ஜனவரியில் வெளியான தலைமை ஆய்வாளர் ஜஸ்டின் ரசலின் மீளாய்வின்படி, அவரை 'அதிக ஆபத்து' என்று வகைப்படுத்தியிருக்க வேண்டும். வகைப்படுத்தியது 'நடுத்தரம்'. 2008 வழக்கின் அதே சொல்.

அவரைப் பற்றிய தகவல் இல்லாமல் இல்லை. சிறைக்குள் அவர் நடந்துகொண்ட விதம், பழைய வன்முறைகள் எல்லாம் எங்கெங்கோ பதிவாகியிருந்தன. அவற்றை ஓரிடத்தில் வைத்துப் படித்து, "இந்த ஆள் நாம் நினைப்பவர் இல்லை" என்று சொல்வதற்கு ஒருவருக்கு நேரம் இருந்திருக்கவில்லை. காகிதம் தேவைக்கு மேல் இருப்பதன் ஆபத்து இதுதான். முக்கியமான ஒரு வரியும் தேவையற்ற நாற்பது வரிகளும் ஒரே எழுத்துருவில், ஒரே நிறத்தில் கிடக்கின்றன. ஆகவே "எழுதுவதைக் குறை" என்று சொல்பவரும் "இன்னும் கவனமாக எழுது" என்று சொல்பவரும் ஒரே இடத்தைச் சுட்டுகிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சேவை அண்மையில் எடுத்த வழி வேறு. 2024 ஏப்ரலில் 'நன்னடத்தை மறுசீரமைப்பு' என்ற பெயரில், பெரும்பாலானவர்களின் கண்காணிப்புக் காலத்தில் கடைசி மூன்றில் ஒரு பங்கில் வழக்கமான தொடர்பை நிறுத்தினார்கள். வேலை குறைந்ததா என்றால் குறைந்தது. ஆனால் படிவத்தைக் குறைக்காமல் ஆளைப் பார்ப்பதைக் குறைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பணிக்கும் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதைச் சேவை பெரிதும் குறைத்து மதிப்பிட்டிருந்ததாகத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2025ல் எழுதியது. 2008லேயே நேரக் கணக்கு எடுத்த ஒரு துறையைப் பற்றிய வாக்கியம் இது.

2025 பிப்ரவரியில் நீதி அமைச்சர் ஷபானா மஹ்மூத், 1,300 பயிற்சி அலுவலர்களைப் புதிதாகச் சேர்ப்பதாகவும், நிர்வாக வேலையைக் குறைக்கும் தொழில்நுட்பத்துக்கு 80 லட்சம் பவுண்டு ஒதுக்குவதாகவும் அறிவித்தார். அதில் ஒன்று, சந்திப்பின் பேச்சைக் கேட்டுத் தானே எழுதிச் சுருக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவி. குறிப்பெழுதும் நேரம் பாதியாகக் குறைந்ததாக அமைச்சகம் சொல்கிறது. அலுவலர் திரையைப் பார்க்காமல் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்க முடிவது சின்ன விஷயமல்ல. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இரண்டு தயக்கங்கள் உண்டு. எழுதுவது மலிவானால் எழுத்து பெருகும். அரைப் பக்கக் குறிப்பு இருந்த இடத்தில் நான்கு பக்கம் வந்துவிடும், அதைப் படிக்கிறவரின் நேரத்தை எந்தக் கருவியும் பாதியாக்கவில்லை. இன்னொன்று, குறிப்பெழுதும்போதுதான் பல அலுவலர்கள் யோசிக்கிறார்கள். சந்திப்பு முடிந்து, தேநீரோடு உட்கார்ந்து எழுதும்போதுதான் "இன்றைக்கு அவன் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையே" என்று உறைக்கும். பேசியதை இயந்திரம் எழுதிவிடும். பேசாமல் விட்டதை யார் எழுதுவது?

விடுதலை மேசை

காகிதம் தவறினால் என்ன ஆகும் என்பதற்குக் கடைசியாக ஒரு காட்சி. சிறைகள் நிரம்பி வழிந்ததால், 2024 செப்டம்பர் 10 முதல் தண்டனையில் 40 சதவீதம் முடித்த பலரை வெளியே விடத் தொடங்கினார்கள். குடும்ப வன்முறை தொடர்பான குற்றங்களுக்கு இதில் விலக்கு. நெருங்கக் கூடாது என்ற நீதிமன்றத் தடையை மீறியவர்களும் விலக்குப் பட்டியலில் உண்டு. ஆனால் அந்தக் குற்றம் 2020ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்துக்கு மாறியிருக்க, சிலருடைய ஆவணங்களில் 1997ஆம் ஆண்டின் பழைய சட்டப் பெயரே இருந்தது. பட்டியலில் புதிய சட்டம், கோப்பில் பழைய சட்டம். சல்லடை பிடிக்கவில்லை. 37 பேர் தவறாக வெளியே போனார்கள்.

2025 மார்ச்சில் முடிந்த ஓராண்டில் தவறுதலான விடுதலைகள் 262. அதற்கு முந்தைய ஆண்டில் 115. தண்டனைக் காலத்தைக் கணக்கிடுவது இன்னும் பெருமளவு கையால், காகிதத்தில் நடக்கிறது. விடுதலை விதிகள் சில ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கின்றன. 2025 அக்டோபர் 24 அன்று செம்ஸ்ஃபர்ட் சிறையிலிருந்து, குடியேற்றத் தடுப்பு மையத்துக்கு அனுப்பப்பட வேண்டிய ஒரு கைதியைத் தெருவில் விட்டுவிட்டார்கள். அவர் திரும்பத் திரும்பச் சிறை வாசலுக்கே வந்து என்ன செய்வதென்று கேட்டுக்கொண்டிருந்ததாக, அங்கே நின்றிருந்த டெலிவரி ஓட்டுநர் ஒருவர் தொலைக்காட்சியில் சொன்னார். இரண்டு நாள் கழித்து லண்டனில் பிடித்தார்கள்.

அக்டோபர் 27 அன்று நீதி அமைச்சர் டேவிட் லாமி நாடாளுமன்றத்தில் விளக்கம் சொன்னார். சுதந்திர விசாரணை ஒன்றை அறிவித்தார். விடுதலைக்கு முன் கூடுதல் சரிபார்ப்புகள் உடனடியாகக் கட்டாயமாகின. அந்தச் சரிபார்ப்புகளைச் செய்ய வேண்டியவரும், ஏற்கெனவே இருந்தவற்றைச் செய்துகொண்டிருந்த அதே விடுதலை மேசை அலுவலர்தான்.

அக்டோபர் 29 அன்று லண்டனின் வாண்ட்ஸ்வர்த் சிறை இன்னொருவரைத் தவறாக வெளியே விட்டது. போலீசுக்குத் தகவல் போனது நவம்பர் 4ஆம் தேதி.